ஆறு இஞ்சு தூணுக்கு எத்தனை இஞ்சு ரம்பம்? ஒரு படிப்புரை வேலையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

குமரி மாவட்டத்தில் திருவட்டாறுக்கும் குலசேகரத்துக்கும் இடையே உள்ள ஒரு பழைய ஓட்டு வீட்டின் படிப்புரையை அவிழ்த்து மறுபடியும் கட்டிய வேலை இது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில் தொடங்கியது. மரவேலையின் மேற்பார்வை என்னுடையது. வேலை செய்தவர்கள் மூவர்: எழுபதை நெருங்கும் மூத்த ஆசாரி, அவருடைய தங்கை மகனான இளைய ஆசாரி, ஓர் உதவியாள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய மகன் அமெரிக்காவில் இருக்கிறார்.

படிப்புரை என்றால் வெளியூர் வாசகர்களுக்கு வாசல் மண்டபம் என்று சொல்லலாம். கருங்கல் பாதங்கள்மேல் எட்டுத் தூண்கள், அவற்றின் தலையில் உத்தரங்கள், நான்கு பக்கமும் சரியும் கூரை, மேலே மோந்தாயம் என்ற உச்சிச் சட்டம், மங்களூர் ஓடு. மேற்குப் பக்க உத்தரம் கறையான் பிடித்து உள்ளே மாவாகிவிட்டது. தூண்களில் ஐந்து அடிப்பகுதியில் அழுகியிருந்தன. மூன்று தேக்குத் தூண்களையும் இரண்டு உத்தரங்களையும் மீட்க முடிந்தது. மற்றவற்றுக்கு வீட்டுக்காரர் தம் விளையில், அதாவது தோட்டத்தில், நின்ற பலா இனத்து அயினி மரத்தை வெட்டி, மில்லில் கொடுத்து அறுத்து வைத்திருந்தார். அறுத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அது போதாது என்று அப்போதே எனக்குத் தெரியும். வேலையைத் தள்ளிப்போடும்படி அழுத்திச் சொல்லாமல் விட்டேன். இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஓடு ஏற வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருந்தது.

தூணும் உத்தரமும் ஆறுக்கு ஆறு இஞ்சு, அதாவது 152 மில்லிமீட்டர். கூரையின் சாய்வுச் சட்டங்களான கழுக்கோல்கள் இரண்டரைக்கு நான்கு. மூலைக் கழுக்கோல்கள் நான்கும் மூன்றுக்கு ஆறு.

முதல் தூணில் கண்டது

எங்களிடம் இருந்தது ஏழு இஞ்சு வட்ட ரம்பம். கதவு, ஜன்னல், கட்டில் வேலைக்கு அது தாராளம். நம் பக்கத்தில் பலர் மார்பிள் கட்டரில் மரப் பிளேடு மாட்டியே காலம் தள்ளுகிறார்கள். அதோடு ஒப்பிட்டால் ஏழு இஞ்சு ரம்பமே பெரிய முன்னேற்றம். ஆனால் அது இறங்கும் ஆழம் 65 மில்லிமீட்டர். 152 மில்லிமீட்டர் தூணை எதிரெதிர் முகங்களிலிருந்து அறுத்தால் 130 போகும், நடுவே 22 நிற்கும். நான்கு முகங்களிலிருந்தும் அறுத்தால் நடுவில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு சதுரக் குச்சி மிஞ்சும். அதைக் கைவாளால் அறுத்துவிடலாம் என்று நினைத்தோம்.

முதல் தூணின் அடியை அப்படித்தான் அறுத்தோம். கருங்கல் பாதத்தின்மேல் நிறுத்தி இளைய ஆசாரி கையை எடுத்ததும் தூண் மெல்ல ஆடியது. மூத்தவர் குனிந்து, சட்டைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டை எடுத்துத் தூணின் அடியில் நுழைத்தார். ஒரு மூலையில் அது தடையில்லாமல் உள்ளே போனது. மடித்து மறுபடியும் நுழைத்தார். எட்டு மடிப்பில்தான் இறுகியது. தூணைப் படுக்கவைத்து அறுத்த முகத்தைப் பார்த்தோம். நான்கு பக்க அறுப்பும் நான்கு படிகளாக நின்றன. உயரமான படிக்கும் தாழ்ந்த படிக்கும் இடையே மூன்று மில்லிமீட்டர்.

“மக்களே, மிஷின் சின்னது என்று சொல்லாதே. முதலில் மட்டம் வைத்துப் பார்” என்றார் மூத்தவர். அவர் சொன்னபடி ரம்பத்தின் அடித்தட்டுக்கும் பிளேடுக்கும் இடையே மூலைமட்டத்தை வைத்தோம். தட்டின் அளவுகோல் பூஜ்யத்தைக் காட்டியது. மட்டத்துக்கும் பிளேடுக்கும் நடுவிலோ வெளிச்சம் தெரிந்தது. ஏறக்குறைய ஒரு பாகை சாய்வு.

அந்த ஒரு பாகையைப் பற்றி இங்கே நின்று பேச வேண்டும். ஒரு பாகை சாய்ந்த பிளேடு 65 மில்லிமீட்டர் இறங்கும்போது சற்றேறக்குறைய 1.1 மில்லிமீட்டர் விலகும். அதே சாய்வோடு 152 மில்லிமீட்டர் இறங்கினால் விலகல் 2.7 மில்லிமீட்டர். ரம்பம் பெரிதாகும்போது பிழையும் அதே விகிதத்தில் பெரிதாகிறது. பெரிய ரம்பம் வாங்கினால் தூண் ஆடாது என்று எங்களில் இருவர் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த இருவரில் நானும் ஒருவன்.

வெட்டுக் கணக்கு

அன்று மாலை வேலையை நிறுத்திவிட்டு, எந்த மரத்தில் எந்த வெட்டுக்கு எவ்வளவு ஆழம் தேவை என்று ஒரு நோட்டில் எழுதினோம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

தூண்களின் இரு முனைகளும் உத்தரங்களின் இரு முனைகளும் சேர்த்து 28 வெட்டுகள் 152 மில்லிமீட்டரை முழுதாகக் கடக்க வேண்டியவை. தூணின் தலையில் இரண்டு இஞ்சு கனத்தில் நாக்கு. அது உத்தரத்தின் துளைக்குள் இறங்கும். நாக்கின் இருபுறமும் குறுக்கே விழும் வெட்டுக்கு 51 மில்லிமீட்டர் ஆழம் போதும். அந்தப் பதினாறு வெட்டுகளை எங்கள் ஏழு இஞ்சு ரம்பமே செய்யும். நாக்கின் கன்னங்களை நெடுக்கே அறுக்கும்போதுதான் தூணின் முழு அகலம் குறுக்கே வருகிறது. பக்கத்துக்கு 76 மில்லிமீட்டர். உத்தரங்கள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று பாதிப்பாதியாகப் படியும் இடத்திலும் ஆழம் 76. ஏழு இஞ்சு ரம்பம் அங்கே 11 மில்லிமீட்டரில் தோற்கிறது.

கழுக்கோல்கள் 64 மில்லிமீட்டர் கனம். நேர் வெட்டுக்கு ஏழு இஞ்சு ரம்பம் மயிரிழையில் தப்பும், சாய்த்தால் எட்டாது. மூலைக் கழுக்கோலின் தலைவெட்டு தனி விஷயம். மூன்று இஞ்சு கனத்தை 45 பாகையில் சாய்த்து அறுக்க வேண்டும். 76 மில்லிமீட்டர் மரம் அந்தச் சாய்வில் பிளேடுக்கு 107 மில்லிமீட்டராகத் தெரியும். இப்படிப்பட்ட வெட்டுகள் எட்டு.

எழுதி முடித்ததும் எங்களுக்கே வியப்பாக இருந்தது. 152 என்ற எண்ணைப் பார்த்து மிரண்டிருந்தோம். உண்மையில் பெரும்பாலான வெட்டுகளை அடக்கி ஆண்ட எண் 76.

முன்னே இருந்த வழிகள்

வீட்டுக்காரரின் மகன் அமெரிக்காவிலிருந்து 16 இஞ்சு ரம்பம் ஒன்றை அனுப்பித் தருவதாகச் சொன்னார். மனமுவந்து சொன்ன உதவி. பெரிய மரச்சட்ட வீடுகள் கட்டுவோர் அங்கே பயன்படுத்தும் மகிதா நிறுவனத்தின் 5402 வகை அது: பிளேடின் விட்டம் 16 இஞ்சும் பதினாறில் ஐந்து பங்கும், நேர் வெட்டில் ஆறேகால் இஞ்சு ஆழம், 45 பாகையில் நான்கு இஞ்சுக்குச் சற்று மேல், எடை பதினான்கரைக் கிலோ. ஆறு இஞ்சுத் தூணை ஒரே இறக்கத்தில் கடந்துவிடும். ஆனால் அது 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் மோட்டார் போய்விடும். 15 ஆம்பியர் இழுக்கும் ரம்பத்துக்கு மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வாங்கினால் அதையும் சுமந்து திரிய வேண்டும். அந்த அளவுப் பிளேடை மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் நான் கேட்ட கடைகளில் ஒருவரும் வைத்திருக்கவில்லை. தச்சர்களுக்கென்றே ஜெர்மனியின் மாஃபெல் நிறுவனம் 145, 165, 185 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ரம்பங்கள் செய்கிறது. ஒரு படிப்புரைக்காக அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க எங்களுக்கு வழியில்லை.

அடுத்தது 14 இஞ்சு. 355 மில்லிமீட்டர் பிளேடு, 130 மில்லிமீட்டர் ஆழம். இதை நான் விரைவாகவே ஒதுக்கினேன். பெரிய ரம்பத்தின் எடையையெல்லாம் சுமந்துவிட்டு, கடைசி 22 மில்லிமீட்டருக்குத் தூணைப் புரட்டவும் வேண்டும் என்றால் லாபம் எங்கே? இரும்பு அறுக்கும் 14 இஞ்சு மிஷினில் மரப் பிளேடு மாட்டிக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதற்கு நான் இடமே கொடுக்கவில்லை. அதன் காப்பு மூடியும் சுழல்வேகமும் பல் வைத்த பிளேடுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. இப்படி மாட்டிக் கை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, 235 மில்லிமீட்டர் ரம்பம். இறங்கும் ஆழம் ஏறக்குறைய 85. இரு முகங்களிலிருந்தும் அறுத்தால் 170. 152 அதற்குள் அடங்கும். எடை ஏழு கிலோவுக்குச் சற்று மேல். பிளேடு எல்லா இடத்திலும் கிடைக்கும்.

மரத்தை மில்லுக்கே கொண்டுபோய் அறுப்பது நான்காவது வழி. முனை வெட்டுக்குச் சரி. இழைப்பு முடிந்த தூணை லாரியில் ஏற்றி இறக்கி மூலை உடைக்க மூத்தவர் சம்மதிக்கவில்லை.

ஒரு நாள் வெள்ளோட்டம்

இளைய ஆசாரிக்கு மனம் பெரிய ரம்பத்தில்தான் இருந்தது. “ஒரு தடவையாவது ஓட்டிப் பார்ப்போம் அண்ணே” என்றான். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஓர் ஒப்பந்தக்காரரிடம் 230 வோல்ட்டில் ஓடும் 16 இஞ்சு ரம்பம் ஒன்று இருந்தது. பழையது. ஒரு நாளைக்கு வாங்கி வந்தோம்.

புது அயினியில் முதல் வெட்டு அழகாக விழுந்தது. மஞ்சள் தூள் கால் மறையக் கொட்டியது. இளையவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்து மீட்ட தேக்குத் தூண். நூறு ஆண்டு நின்ற மரம், சற்றே முறுக்கியிருந்தது. மேல் முகத்தில் பிளேடு கோட்டைப் பிடித்துக்கொண்டே போனது. புரட்டிப் பார்த்தால் அடி முகத்தில் கோட்டிலிருந்து நான்கு மில்லிமீட்டர் விலகியிருந்தது. அடித்தட்டு மேல் முகத்தை நம்பி நிற்கிறது. மேல் முகமே முறுக்கியிருந்தால் அந்த முறுக்கு முழுவதும் வெட்டுக்குள் இறங்கும். ஒரே இறக்கத்தில் அறுப்பவனுக்கு அடியில் நடப்பது கண்ணில் படாது.

பிற்பகல் நடந்ததை எழுதக் கை தயங்குகிறது. உத்தரம் இரண்டு தாங்குகட்டைகள்மேல் கிடந்தது. வெட்டு இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. பாதிக்கு மேல் அறுபட்டதும் மரம் தன் எடையிலேயே நடுவில் தொய்ந்து, வெட்டுவாய் மேல்புறம் மூடிப் பிளேடைக் கவ்வியது. ரம்பம் மரத்தைவிட்டு எழும்பிப் பின்னோக்கி உதைத்தது. பதினைந்து கிலோ இரும்பு, சுழலும் பிளேடோடு. இளையவன் காலையிலிருந்தே பிளேடின் நேர்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றிருந்தான். மூத்தவர் நிற்க வைத்திருந்தார். ரம்பம் அவன் தொடையை ஒரு சாண் தூரத்தில் தாண்டித் தாங்குகட்டையில் மோதியது. கட்டையில் விழுந்த வெட்டு இரண்டு விரல் ஆழம். விசையை விட்ட பின்னும் பிளேடு சுற்றிக்கொண்டே இருந்தது. அது நிற்கும்வரை ஒருவரும் பேசவில்லை.

அந்த ரம்பத்தில் பிளேடுக்குப் பின்னால் வெட்டுவாயைத் திறந்துவைக்கும் பிளவுத் தகடு இல்லை. இருந்ததோ, யாரோ கழற்றிவிட்டார்களோ தெரியாது. காலையில் அதைப் பார்க்காமல் ஓட்ட விட்டது என் பிழை. தாங்குகட்டைகளுக்கு நடுவே அறுக்க விட்டதும் என் பிழை. ரம்பத்தின்மேல் பழி போடுவதற்கில்லை. ஏழு இஞ்சு ரம்பமும் அந்த இடத்தில் உதைத்திருக்கும். அதை மனிதன் கைப்பிடியில் அடக்கியிருப்பான். பதினைந்து கிலோவை அடக்க முடியாது.

அன்றே இன்னொன்றும் தெரிந்தது. வீட்டிலிருந்து முப்பது மீட்டர் இழுத்திருந்த மெல்லிய ஒயர் கையில் சுட்டது. மாலையில் மின்னழுத்தம் குறைந்தபோது பிளேடு மரத்துக்குள் திணறியது. வேகம் குறைந்த பிளேடு மரத்தில் சிக்குவதற்கும் மோட்டார் சூடேறுவதற்கும் இது ஒரு காரணம்.

எடுத்த முடிவு

மறுநாள் 16 இஞ்சு ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்தோம். 235 மில்லிமீட்டர் ரம்பம் வாங்குவது என்று முடிவு செய்தேன். இளையவனுக்கு வருத்தம், வீட்டுக்காரருக்கும், மகன் சொன்னதைத் தட்டிவிட்டோமோ என்ற சங்கடம். அவரிடம் வெட்டுக் கணக்கு எழுதிய நோட்டைக் காட்டினேன். பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் இதுவே போதும்” என்றார்.

கடையில் நான் பார்த்தவை: பிளவுத் தகடு இருக்கிறதா, அது அசையாமல் நிற்கிறதா, அடித்தட்டு கனமாக இருக்கிறதா, கையால் முறுக்கினால் நெளிகிறதா, சாய்வைப் பூட்டும் திருகு இறுகப் பிடிக்கிறதா. பிளேடின் நடுத்துளையையும் பார்க்க வேண்டும். நம் கடைகளில் 25.4 மில்லிமீட்டர் துளையும் 30 மில்லிமீட்டர் துளையும் கலந்து கிடக்கும். பொருந்தாததை வாங்கி வளையம் போட்டு ஒப்பேற்றினால் பிளேடு மையம் தவறி அதிரும். நெடுக்கு அறுப்புக்கு 24 பல், குறுக்கு வெட்டுக்கு 40 பல் என இரண்டு பிளேடுகள் எடுத்தோம். ஒயரை 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கு மாற்றினோம்.

வாங்கிய அன்றே மூத்தவர் ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார். நேரான ஒரு கட்டையைக் குறுக்கே அறுத்து, ஒரு துண்டை மட்டும் அடிமேலாகப் புரட்டி, அறுத்த முகங்களை மறுபடி சேர்த்து வைத்தார். தட்டு சாய்ந்திருந்தால் சாய்வு இரட்டிப்பாகி இடைவெளி விழும். மூலைமட்டத்தில் கண்ணுக்குத் தப்புவது இதில் தப்பாது. புதிய ரம்பத்திலும் இடைவெளி தெரிந்தது. திருகைத் தளர்த்தி, தட்டித் தட்டி, ஐந்தாவது துண்டில்தான் வெளிச்சம் மறைந்தது.

கோடு போடும் முறையையும் மாற்றினோம். முறுக்கிய தேக்கில் எந்த முகத்தையும் நம்பாமல், தூணின் நடுவே நூல் பிடித்து, அதிலிருந்து நான்கு முகங்களுக்கும் கத்தியால் கோடு கீறினோம். எதிரெதிர் முகங்களிலிருந்து அந்தக் கோடுகளை ஒட்டி அறுத்தால், விலகல் நடுவில்தான் ஒளியும். விளிம்புகள் நான்கும் கோட்டில் நிற்கும். நடுவில் மேடு நின்றால் உளியால் எடுத்துவிடலாம். பள்ளமாக இருந்தால் தூண் விளிம்புகளில் உட்காரும், ஆடாது. இரண்டு இறக்கம் இங்கே குறையாகாது என்பதை இந்த வேலைதான் எனக்குக் கற்றுத் தந்தது.

தாங்குகட்டைகளுக்கு நடுவே அறுப்பதை அடியோடு நிறுத்தினோம். வெட்டு எப்போதும் தாங்குகட்டைக்கு வெளியே. விழும் துண்டு விழட்டும்.

பின் நடந்தவை

மாசி பங்குனியில் வெட்டுவேலை முடிந்தது. தூண்களில் ஏழு, பாதத்தில் வைத்ததும் டிக்கெட் நுழையாமல் நின்றன. முதலில் கெட்டுப்போன தூணை அரை இஞ்சு குறைத்து, கல் பாதத்தை உயர்த்தி ஈடுகட்டினோம். மூலை உத்தரங்கள் பாதிப்பாதியாகப் படிந்த இடங்களில் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் இரண்டு தட்டு, அதற்குமேல் தேவைப்படவில்லை.

40 பல் பிளேடு இரண்டாம் வாரமே போனது. மீட்ட தேக்கில் தலை ஒடிந்த பழைய ஆணி ஒன்று உள்ளே கிடந்தது. மூன்று பற்கள் பறந்தன. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. அதன்பின் ஒவ்வொரு பழைய மரத்திலும் கனத்த காந்தத்தை நூலில் கட்டி முகத்தை ஒட்டி நகர்த்திப் பார்த்தோம். மேலோட்டமாகக் கிடந்த ஆறு ஆணிகளை அது காட்டிக் கொடுத்தது.

மூலைக் கழுக்கோலில் எங்கள் தேர்வு தோற்றது. 45 பாகையில் 235 ரம்பம் 60 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும், மரம் 76. எட்டு வெட்டுகளிலும் மிச்சத்தைக் கைவாளால் அறுத்தோம். மூத்தவர் அறுத்த ஐந்தும் மோந்தாயத்தில் ஒட்டி உட்கார்ந்தன. நாங்கள் அறுத்த மூன்றில் ஆப்பு வைக்க வேண்டியிருந்தது. இந்த எட்டு வெட்டுகளுக்கு 16 இஞ்சு ரம்பமே சரியானது. அதன் உண்மையான வேலை சாய்ந்த வெட்டு.

சித்திரை கடைசியில் ஓடு ஏறியது. மழை வருவதற்கு ஒன்பது நாள் மிச்சம் இருந்தது.

ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தேன். இடவப்பாதியும் ஐப்பசி மழையும் ஒரு முழுக் கோடையும் கடந்திருந்தன. தேக்குத் தூண்களின் பொருத்துகள் அப்படியே இருந்தன. அயினித் தூண்களில் நான்கில், நாக்கின் பக்கவாட்டில் இரண்டு மில்லிமீட்டர் வரை இடைவெளி விழுந்திருந்தது. வெட்டு நன்றாகவே இருந்தது; மரம்தான் காய்ந்து சுருங்கிவிட்டது.

இனி மாற்றுவது

இப்படி ஒரு வேலை மறுபடி வந்தால் ரம்பத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் வெட்டுக் கணக்கு நோட்டைத் திறப்பேன். நேர் வெட்டையும் சாய்ந்த வெட்டையும் தனித்தனியாக எழுதுவேன். இந்த முறை சாய்ந்தவை எட்டுதான் என்று அலட்சியமாகக் கடந்துவிட்டேன். அவற்றுக்கு மட்டும் பெரிய ரம்பத்தை ஒரு நாள் வாங்குவேன், பிளவுத் தகடு இருந்தால் மட்டும். கழுக்கோலைத் தரையோடு இறுகக் கட்டி, அடித்தட்டு ஓடுவதற்கு ஒரு சட்டத்தை வழிகாட்டியாகப் பூட்டி, இருவர் நிற்க அறுப்போம்.

ஏழு இஞ்சு ரம்பத்தை ஒதுக்க மாட்டேன். நாக்கின் குறுக்கு வெட்டுகளை இந்த முறையும் அதில்தான் செய்தோம். கைக்கு அடக்கமாக இருப்பதால் அங்கே அதுவே துல்லியம்.

மரத்தை மில்லிலிருந்து வந்த தேதியோடு சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, நிழலில், இடையிடையே பட்டியல் கம்பு கொடுத்து அடுக்கிவைக்கச் சொல்கிறேன். அயினி ஆறு இஞ்சுக் கனத்தில் காய ஒரு கோடை போதாது. இந்த வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லாமல் விட்டதற்கு அடுத்த தை மாதத்தில் அந்த நான்கு தூண்களிலும் மெல்லிய அயினிச் சீவல்களை அடித்து இடைவெளியை அடைத்துக் கொடுத்தோம், கூலி வாங்காமல். சீவல்களை இளைய ஆசாரி செதுக்கினான். அவை அதே மரத்தின் மிச்சத்திலிருந்து எடுத்தவை; அதற்குள் நன்றாகக் காய்ந்திருந்தன.